இரும்புக்குப் பயப்படுகிறவள்

தோடுகளைக் கழற்றியாயிற்று. கொண்டை ஊசி, ஊக்கு, கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விட்டன. அப்புறமும் ஒருமுறை உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவள் மாவறைக்குள் கால் வைப்பாள். ஆய்வுப் பண்ணையில் விளையும் கம்பை ரகம் ரகமாக அரைத்து, இரும்புச்சத்தை அளக்கும் இயந்திரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் 'காந்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மூலையில் இரும்பு இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடுமாம்.

அவள் பயப்படுவது துருவுக்கு. வயலில் விளைந்த சத்தையும் இயந்திரத்திலிருந்து உதிர்ந்த துருவையும் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. ஒரு பொட்டு விழுந்தால் போதும், நோஞ்சான் கம்பும் பயில்வானாகிவிடும். அதையே விதையாக ஊரெல்லாம் கொடுப்பார்கள். பிள்ளைகள் வயிறு நிறையத் தின்பார்கள். இரத்தத்தில் ஒன்றும் ஏறாது.

வீட்டில் தங்கை மகள் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். இரத்தசோகைக்கு மருத்துவர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அவள் வயிற்றில் தங்குவதில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் காகிதமாக வெளுத்திருக்கிறது. பண்ணையிலிருந்து சத்து கூடிய புதுக் கம்பு எப்போது வரும் என்று தங்கை கேட்கும்போதெல்லாம் இவள் எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள்.

இந்த வாரம் ஒரு ரகம் இதுவரை யாரும் காணாத அளவைக் காட்டியது. பண்ணையே துள்ளியது. அவள் மட்டும் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. கதிரடித்த இயந்திரத்தின் சல்லடை ஓரம் பழுப்பேறியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். மீதிக் கதிர்களைக் கையால் உதிர்த்து மறுபடி பார்க்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"நல்லது நடந்தாக்கூட உனக்குப் பயமாம்மா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிற கதையால்ல இருக்கு."

"பேயின்னா விரட்டிடலாம் சார். துரு பிள்ளைங்க வயித்து வரைக்கும் போகும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். கதிர்களைக் கழுவி, உலர்த்தி, விரல் நுனி சிவக்கச் சிவக்க உதிர்த்தாள். அரைத்த மாவைப் பரிசோதனை செய்யும் பையனிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றாள். இத்தனை காலமும் தப்பைத் தேடித் தேடிப் பிடித்தவளுக்கு, இன்றைக்கு மட்டும் தான் நினைத்தது பொய்யாகிவிட வேண்டும் போலிருந்தது.

இயந்திரத்தின் உறுமல் அடங்கியது.

"வந்துடுச்சுக்கா," என்றான் பையன். சற்றுப் பொறுத்து, "கைய எடுங்கக்கா, தெரியல" என்றான்.

திரையில் எண் தெரியும் மூலையை அவள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.