அழித்துவிட்டேன் என்று நினைத்த அழைப்பிதழ்

கல்லூரி விடுமுறையில் ஒரு காலை எங்கள் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். எங்கள் லேப்டாப் என்று சொல்வது என் வசதிக்காக. அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு அச்சகத்துக்கு அவள் வீட்டிலிருந்தே விழாப் பத்திரிகை டைப் பண்ணிக் கொடுப்பதும் அதில்தான். அதை ஆன் செய்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஏத்திக்கோ. ஆனா என் ஃபைல் ஒண்ணு போச்சுன்னா உன்னை இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுட்டேன்க்கா."

உண்மைதான். அவளுடைய ஃபைல்கள் அத்தனையையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் எடுத்து வைத்திருந்தேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று லேப்டாப் கேட்டபோது சரி என்று அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் புது ஊர். இங்கே சி டிரைவும் கிடையாது, டி டிரைவும் கிடையாது. எல்லாம் ஒரே ஒரு சாய்ந்த கோட்டிலிருந்து தொடங்குகின்றன. பென் டிரைவைச் சொருகினால் அதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் போய் உட்காருகிறது. மூன்று மலையையும் வளைத்து ஒரே கோட்டை மதிலுக்குள் போட்டிருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. கறுப்புத் திரையில் pwd என்று அடித்தால் நான் எங்கே நிற்கிறேன் என்று சொன்னது. whoami என்று அடித்தால் நான் யார் என்று சொன்னது. பாஸ்வேர்டு கேட்டபோது அடிக்க அடிக்க ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன், தட்டினேன், ஊதினேன். பிறகுதான் புரிந்தது, பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாதாம். அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

பதினொன்றரைக்கு அக்கா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள். அச்சகக்காரர். அக்கா டைப் பண்ணி முடித்து, இன்னும் கொண்டுபோய்க் கொடுக்காத ஒரு காதணி விழாப் பத்திரிகை. அன்றைக்கு மூன்று மணிக்கு மெஷினில் ஏற வேண்டும். அவலூர்பேட்டையில் இருக்கும் மூத்த தாய்மாமன் குடும்பத்தை விட்டுவிட்டார்களாம். மூத்த மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை போனால் அவர் சீர் தூக்கிக்கொண்டு வரமாட்டார். விழாவே நின்றுவிடும்.

"இதோ சேத்துடறேண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று அக்கா போனை வைத்தாள். நான் ஃபைலைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கிலம். ஆங்கிலமும் இல்லை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் fhjzp tpoh என்று இருந்தது. அதற்குக் கீழே அதே மாதிரி குப்பையாக அறுபது வரி.

"இன்னாடி இது?"

எழுத்து ஃபைலுக்குள்ளேயே இருக்கும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அக்கா டைப் பண்ணுவது பழைய தமிழ் ஃபாண்டில். எழுத்துக்கு உருவம் கொடுக்கும் அந்த ஃபாண்ட் தனியாக வேறொரு ஃபோல்டரில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. டிஸ்கோடு சேர்த்து அழித்துவிட்டேன். எழுதிக் கொடுத்த தாளும் இல்லை. டைப் முடிந்ததும் விழா வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம்.

"அறுபது பேருடி. யாருக்கு முன்னாடி யாருன்னு அவங்க ரெண்டு நாள் சண்ட போட்டு முடிவு பண்ண வரிசை. மறுபடி போய்க் கேட்டா அச்சகத்து அண்ணன் இனிமே எனக்கு வேலையே தரமாட்டாரு."

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரல் இறங்கிப் போயிருந்தது. நான் போனில் ஃபாண்டைத் தேடினேன். கிடைத்த முதல் இரண்டு தளங்களும் வேறு என்னென்னவோ இறக்கப் பார்த்தன. மூன்றாவது திறக்கவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் அக்கா திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மேசை மேல் அசைந்துகொண்டிருந்தன.

"எஃப், எச்... கா" என்றாள். "ஜே, த. இசட், பி, ணி. ஏய், காதணிடி இது!"

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் அடித்துப் பழகிய அதே விசைகள். எஃப் விசையில் க, ஜே விசையில் த. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டருக்கு என்றைக்குமே தமிழ் தெரிந்ததில்லை. அது எஃப் என்று எழுதி வைத்துக்கொண்டு, மேலே க என்கிற சட்டையைப் போட்டுக் காட்டியிருக்கிறது. நான் தொலைத்தது சட்டையை மட்டும்தான். ஆள் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

"அக்கா, நீ திரையப் பாக்காத. எப்பவும்போல அடி. அச்சகத்து கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இருக்குதுல்ல? அங்க திறந்தா தமிழா வந்துடும்."

"வரலன்னா?"

"வரும்." எனக்கே முக்கால்வாசிதான் நம்பிக்கை.

அவள் விரலால் வரிகளைப் படித்துக்கொண்டே போய் தாய்மாமன்மார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். ஊர்ப்பெயரில் தொடங்கி அடித்தாள். உடனே கையை எடுத்தாள்.

"இரு, இரு. நான் சின்ன எம் அடிச்சேன், இது பெருசாக்கிடுச்சி."

"வரி ஆரம்பம்ல? ஆங்கிலம்னு நெனச்சி அதுவே திருத்துது."

"திருத்துதா? சின்ன எம்னா அ, பெரிய எம்னா ஆ. அவலூர்பேட்டைய ஆவலூர்பேட்டை ஆக்கி வெச்சிருக்குது பாரு. நிறுத்துடி அத!"

தானாகத் திருத்தும் அந்த வேலையைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். மிச்சத்தை அவள் அடித்து முடித்தாள். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. என் தாய்மொழியை என் கண்முன்னால் ஒருத்தி அடிக்கிறாள், நான் எழுத்தறியாதவள் மாதிரி நிற்கிறேன்.

இரண்டே காலுக்கு ஸ்கூட்டியில் அச்சகம் போய்ச் சேர்ந்தோம். அச்சகக்காரர் பென் டிரைவைச் சொருகினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தியது. ஃபைல் திறந்தது.

காதணி விழா.

"நல்லாத்தான இருக்குது? ரெண்டு பேரும் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார்.

அக்கா மாதிரித் தாள் எடுக்கச் சொல்லி, அத்தனை பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். மூத்த மாமன் அவலூர்பேட்டைக்காரராகவே தாய்மாமன்மாரில் முதல் வரியில் இருந்தார். ஒரே இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து போட்டாள்.

அவள் எழுந்ததும் நான் அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்டைத் தேடிப் பிடித்தேன்.

"இன்னாமா பண்ற?"

"இந்த எழுத்த எடுத்துக்கறேண்ணா."

"எடுத்துட்டுப் போயிட்டா நான் இன்னாத்த வெச்சி அடிக்கிறது?"

"காப்பிதாண்ணா. உங்களுது உங்ககிட்டயே இருக்கும்."

அவர் நம்பவில்லை. பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, ஃபைலை மறுபடி திறந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார். அக்கா மாதிரித் தாளின் ஓரத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது.