நர்ஸ் படிப்புக்கு ஒரு பட்டாள நம்பர்

விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தாவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் படைவீரர் நல அலுவலகத்துக்காகக் கம்பம் பள்ளத்தாக்கில் முகாம் முகாமாகச் சுற்றினேன்.

ஸ்பானர் படிப்பு

பட்டாளத்தார் பிள்ளைகளில் கல்லூரி போனவர்களுக்கு மட்டும் இருந்த உதவித்தொகையை, ஒரு வருஷம் ஐ.டி.ஐ., நர்ஸ் பயிற்சிக்கும் நீட்டினார்கள். வீரபாண்டியில் ஒரு மாஜி ஹவில்தாரிடம், மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்திருக்கும் அவர் மகனுக்கும் கிடைக்கும் என்றேன். நம்பாமல் சுற்றறிக்கையை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"லாரிக்கு அடியில படுத்துக் கெடக்குறதையும் படிப்புன்னு ஒத்துக்கிட்டாகளா சார்?"

பொட்டு வைத்த புத்தகம்

கம்பம் முகாமுக்கு மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மாள் மகள் செல்வியோடு வந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பிய கணவர், சில வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். செல்விக்கு மதுரையில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் எங்கள் சான்றிதழ் போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

கணவர் பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில், பட்டாள எண் இருக்க வேண்டிய இடத்தில், சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் செல்வி வைத்த பொட்டு. மை கரைந்து, ஓர் இலக்கம்கூடத் தெரியவில்லை. எண் இல்லாமல், சரிபார்க்கச் சொல்லிப் பட்டாள ரெக்கார்டு ஆபீசுக்குத் தந்தி அடிக்க முடியாது. சர்க்கார் காகிதத்தில் இப்படியா செய்வார்கள் என்று செல்வியைக் கடிந்துகொண்டேன்.

"அப்பா அங்கன துப்பாக்கிக்குப் பொட்டு வச்சுக் கும்புட்டாகளாம். எனக்கு ஆயுதம்னு இருக்குறது இந்தப் புத்தகந்தான சார்."

ஏழு இலக்கம்

எண் ஞாபகம் இருக்கிறதா என்று பேச்சியம்மாளிடம் எரிச்சலில்தான் கேட்டேன். விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்திருந்த அந்த அம்மாள் பேனாவை வாங்கி, ஏழு இலக்கங்களை நிதானமாக எழுதினார். வாசிக்கச் சொன்னால் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்திருந்தது. கணவர் பட்டாளத்தில் இருந்த ஒன்பது வருஷமும் வாரம் ஒரு கடிதமாம்.

"கடுதாசிய ஆரு எழுதிக் குடுத்தாலும் நம்பர மட்டும் நாந்தான் எழுதுவேன். அது தப்புனா அவுகளுக்குப் போய்ச் சேராதுல்ல சார்."

தந்திக்குப் பதில்

அந்த எண்ணையே நம்பித் தந்தி அடித்தேன். ஓர் இலக்கம் பிசகினாலும் செல்வியின் இடம் போய்விடும். சனிக்கிழமை காலை பதில் வந்தது: எண் சரி, பெயர் சரி, மனைவி பேச்சியம்மாள். சான்றிதழைச் செல்வி கையில் கொடுத்து மதுரை பஸ் ஏற்றிவிட்டு, தந்தியை அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். வாங்கி, வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"அந்த நம்பருக்கு இன்னமும் பதில் வருதா சார்?"

முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த எனக்கு, என் சொந்த ஊழியர் எண் இன்றுவரை மனப்பாடமில்லை.