ஊரெல்லாம் போய்வந்த குரல்

பேருந்து நிலையத்து மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் அங்கேதான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய்க் கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊரில் அவள் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம். குரலை அறியாதவர்கள் இல்லை. எல்லாருக்கும் அவள் மைக்கம்மா. வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

“வெளியில எல்லாத்தையும் கொட்டிட்டு வீட்டுக்கு வெறும் பாத்திரமா வரே” என்று அலுத்துக்கொள்வார், மின்விசிறி பழுது பார்க்கும் அவள் கணவர்.

தொற்று வந்து ஊரை அடைத்தபோது நகராட்சியில் அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். “வீட்டிலேயே இருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்.” கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று அந்தக் குரலைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயிற்று. அதை ஓட்டியவர் பெரிய மீசைக்காரர். அவள் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, “தங்கச்சி, உன்னை ஊரெல்லாம் சுத்திக் காட்டிட்டு வரேன்!” என்று கத்துவார். அவள் ஜன்னலிலிருந்து கையசைப்பாள்.

தெருக்களில் வெயில் மட்டும் நடமாடிய காலம் அது. பெருக்க ஆளில்லாத சருகுகள் காற்றில் எழுந்து, கொஞ்சதூரம் போய், மறுபடி உட்காரும். எங்கோ தொலைவில் அவள் குரல் கிளம்பும், நெருங்கும், வாசலைக் கடக்கும், நூலாக இளைத்து அடுத்த தெருவில் கரையும். தன்னிலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து உலாவப் போய்விட்டு, களைத்துத் திரும்பி வருவதுபோல அவளுக்குத் தோன்றும்.

ஊர் சொன்ன பேச்சைக் கேட்டது. நோய் வந்த வழியே போய்விட்டது என்றார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். கடைகள் திறந்தன, பேருந்துகள் நிரம்பின. முகக்கவசம் முதலில் தாடைக்கு இறங்கியது, பிறகு பைக்குள் போயிற்று. “நம்ம ஊரை அது தொடாது” என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். அவளும் நம்பினாள்.

அது திரும்பி வந்தபோது முன்னைவிட மூர்க்கமாக வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலெல்லாம் கட்டில் போட்டார்கள். நகராட்சி அதே பழைய பதிவை எடுத்து ஓடவிட்டது. இந்த முறை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேன் போகும்போது கூடவே அதே வார்த்தைகளை அவள் மாதிரியே இழுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். “புதுசா பேசித் தரட்டுமா?” என்று அதிகாரியிடம் கேட்டாள். “இருக்கறதே போதும்மா” என்றுவிட்டார்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. கணவர் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு, கதவடியில் கஞ்சியை வைத்துவிட்டுப் போனார். கட்டில் மெல்ல மிதந்தது. சுவர்கள் மூச்சு விட்டன. அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டே வந்தாள். எங்கோ கேட்ட குரல். அம்மாவா, அக்காவா என்று பிடிபடவில்லை.

“இருக்கேன்மா, வீட்டுலதான் இருக்கேன்” என்றாள் இவள்.

“யார்கிட்ட பேசுறே?” என்றார் கணவர், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

“தெருவுல ஒருத்தி. தன்மையா பேசுறா பாவம். உள்ள கூப்பிடுங்க.”

“அடியே, அது நீதான்!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு இருமல். அதன் பிறகு தினமும் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தாள். ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாளும் இல்லை.

“வேன் ரிப்பேராம்” என்றார் கணவர்.

காய்ச்சல் இறங்கி, அவள் எழுந்து சுவரைப் பிடித்து நடந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். மீசைக்காரர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உலகத்திலேயே தன் குரலை அதிகம் கேட்ட மனிதர் அவர்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மெல்ல மெல்ல வந்த குரல் பழைய குரல் இல்லை. மணலில் தகரத்தை இழுத்ததுபோல இருந்தது. அந்தக் குரலோடே அதிகாரியிடம் போனாள்.

“வேன்ல மைக் வைங்க. நானே உக்காந்து பேசுறேன்.”

“தொண்டை இப்படி இருக்கேம்மா?”

“போன வாரம் இதுகூட இல்லை சார்.”

புது ஓட்டுநர் பக்கத்தில் முகக்கவசத்தோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். குரல் பலமுறை போய்வந்த தெருக்களை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். துணி காயும் மாடிகள், பாதி இறக்கிய கடைக் கதவுகள், வாசலில் சாய்த்துவைத்த ஆக்சிஜன் சிலிண்டர். எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டாள்.

“நான்தான் மைக்கம்மா. படுத்து எழுந்து வந்திருக்கேன். இந்த வேனை ஓட்டின எங்க அண்ணன் எழுந்திருக்கலை. உங்க வீட்டுல அப்படி ஆக வேண்டாம். உள்ள இருங்கப்பா.”

இந்தக் கரகரப்பு யாருடையது என்று பார்க்க ஜன்னல்கள் திறந்தன. முனையில் கூடிநின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்: “ஏம்மா, ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசேன்! தொண்டை என்னத்துக்கு ஆகும்?”

“நீங்க முதல்ல உள்ள போங்க, குடிக்கிறேன்!” என்றாள் மைக்கிலேயே.

தெருவே சிரித்தது. வேன் மெல்ல அடுத்த திருப்பத்தில் வளைந்தது.