சுண்ணாம்புத் தெளிவில் இறங்கிய கசப்பு

என் ஆராய்ச்சி நாரத்தைத் தோலின் கசப்பைப் பற்றியது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்லூரி கேன்டீனில் எனக்குப் பெயரே கசப்பு சார்தான். கருவிகள் ஏதும் இல்லாத காலத்தில் பழைய ரசாயனக்காரர்கள் அந்தக் கசப்பை எப்படிப் பிரித்தார்கள் என்பது என் முதல் அத்தியாயம். தோலைச் சுண்ணாம்புத் தெளிவில் ஊறப் போடுவார்கள். கசப்பு தண்ணீரில் இறங்கிவிடும். தோலை எறிந்துவிட்டு, அந்தத் தண்ணீரை வடிகட்டி அமிலம் விட்டு வைத்தால், சில நாளில் அடியில் வெள்ளையாகப் படிகம் நிற்கும். இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு ஜவ்வாது மலை நாரத்தை வேண்டியிருந்தது. அந்த மலையடிவாரத்து அமிர்தியில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் கொல்லையோரம் ஒரு மரம் தானாக முளைத்து நின்றது. மருந்து பண்ணப் போகிறோம், தோலை உரித்து, காயவைத்து அனுப்பு என்று போன் செய்தேன். நானே போயிருக்கலாம், வேலூரிலிருந்து பஸ்தானே. கைடு திருத்தக் கொடுத்த விடைத்தாள்கள் இருக்கின்றன என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் சோம்பல். எனக்குக் கொடுத்த இரண்டாவது நீட்டிப்பு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் படிகம் வராவிட்டால் பதிவு ரத்து, பட்டம் இல்லை.

மூட்டை வந்தது. சுத்தமாக, வெளுப்பாக, ஒரே அளவில் நறுக்கிய துண்டுகள். இடித்து, மெத்தனாலில் கொதிக்கவைத்து, வற்றவைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் செய்தேன். மூன்றாம் முறையும் பார்த்தாயிற்று, துளி படிகம் இல்லை. கைடு குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு போன் செய்தேன்.

"தோல இன்னா பண்ணக்கா?"

"இன்னா பண்ணேன்? ரெண்டு நாளு சுண்ணாம்புத் தெளிவுல போட்டு, மூணு தண்ணி மாத்தி, அப்பறம் காயவெச்சேன். நம்ம வூட்டுல வத்தலுக்குச் செய்றதுதான். மருந்து பண்ணப் போறோம்னு சொன்னியே, கசந்தா எவன்டா சாப்புடுவான்?"

"அந்தத் தண்ணி?"

"கொட்டிட்டேன்."

பழைய ரசாயனக்காரர்கள் செய்ததில் பாதியை அக்கா ஒரு பிசகில்லாமல் செய்திருந்தாள். மீதிப் பாதிக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். மூட்டையைப் பிரித்த அன்றே ஒரு துண்டை வாயில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று ஜூனியர்களை அதட்டுகிறவன் நான்தான். மரத்தில் காய்ப்பும் ஓய்ந்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான். அத்தனையும் என் தப்பு என்று தெரிந்தும் அவள் மேல் பாய்ந்தேன்.

"என் அஞ்சு வருஷத்தையும் சேத்துக் கொட்டிட்டக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வாட்ச்மேன் கூப்பிட்டார். கல்லூரி கேட் அருகே அக்கா நின்றிருந்தாள், காலடியில் ஒரு அரிசிப் பை. தூக்கினால் கனத்தது.

"தண்ணி கொட்டுன எடத்து மண்ணுடா. ஒரு சாண் ஆழம் வெட்டினேன். இதுல கொஞ்சமாவது இருக்கும் இல்ல?"

நாலு மழை பெய்து போன மண். அதில் என்ன மிச்சம் இருக்கும்? "பாக்கலாம்க்கா" என்றேன். அதைவிடக் கோழைத்தனமான பேச்சை நான் பேசியதில்லை. திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே மண்ணைக் கரைத்தேன், வடிகட்டினேன், அமிலம் விட்டேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"நேரமாவும்க்கா. நீ கெளம்பு."

"இருக்கட்டும். வந்ததும் பாத்துட்டே போறேன்" என்றாள். மூன்று மணி பஸ்ஸை விட்டாள். ஐந்து மணி பஸ்ஸையும் விட்டாள்.