அஞ்சலையின் குப்பைமேடு

இந்த நாட்டில் குப்பை புகையும். நெருப்பு வைக்காமலே புகையும். விடியற்காலையில் எங்கள் லயத்தில், தோட்டத்துக் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு அஞ்சலையின் குப்பைமேட்டில் சோற்றுப்பானையில் வருவதுபோல் ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். ஊரில் இருந்து படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். ராசிபுரத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நானும் நம்பவில்லை. ஒருநாள் அவள் இல்லாத நேரம் பார்த்துக் கையை உள்ளே விட்டேன். சுட்டது. எங்கள் அடுப்பு அரிசியைக் கண்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இவள் வீட்டில் குப்பைகூட வேகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. பொறாமைதான்.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமலே ஓடிப்போனதும் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுவது நின்றுவிட்டது. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லை. புக்கிட் செலம்பாவ் கடைகளில் அரிசி இல்லை, சீலை இல்லை, சவுக்காரம் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று கோணிச்சாக்கை உடுத்திக்கொண்டிருந்தோம். லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்து, காய்கறி போடு என்றார்கள். துரை பங்களாவில் கிடந்த தக்காளி விதையைக் கிராணி எல்லோருக்கும் பங்கு வைத்தார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. துரை போன பிறகு அவர்தான் துரை.

விதை கொடுத்த அன்றே பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், அவர் சொன்னார்:

“சுங்கைப்பட்டாணி டவுனுல இருக்கிற ஜப்பான் துரைக்குக் காய்கறி வேணும். தக்காளின்னா உசிரு. எந்தக் கொல்லை விளையுதோ அந்த வீட்டு ஆம்பளைய இங்கயே வச்சுக்கச் சொல்லிட்டாரு. விளையாத வீட்டு ஆம்பளை சயாமுக்கு ரயில் ரோடு போடப் போகணும்லா. பெறகு என்கிட்ட வந்து அழக் கூடாது.”

சயாமுக்கு முன்பே கொண்டுபோன ஆட்களைப் பற்றி ஒரு சேதியும் வந்திருக்கவில்லை. என் புருஷன் மாரிமுத்து அன்று கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுத் தின்னாமல் உட்கார்ந்திருந்தான். “கவலைப்படாதீங்க, நான் கத்தரியும் மிளகாயும் வச்சுப் பழகினவ” என்றேன். திமிராகத்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

எங்கள் ஊர் ஒன்றும் சொர்க்கமில்லை. வயிற்றுக்கு இல்லாமல்தான் கப்பல் ஏறினோம். அங்கே மழை எப்போதாவது வரும் விருந்தாளி. வந்த தண்ணீரைப் போகவிடாமல் பிடித்துவைப்பதுதான் எங்கள் விவசாயம். பாத்தியைப் பள்ளமாகக் கட்டுவோம், சுற்றிலும் வரப்பு வைப்போம். ஏற்றம் இறைத்த தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போனால் மாமியார் வாய் சும்மா இருக்காது. சாணத்தையும் சாம்பலையும் குழி வெட்டித்தான் போடுவோம். மேட்டில் போட்டால் வெயிலில் காய்ந்து காற்றில் பறந்துவிடும். குழிக்குள் ஈரம் நிற்கும், குப்பை மக்கும். இது என் உடம்புக்கே தெரிந்த பாடம். மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் கை தானாகக் குழிதான் வெட்டியது. இடுப்பளவுக்கு வெட்டினேன். ரப்பர்ச் சருகு, சாணம், கிழங்குத் தோல் எல்லாம் கொட்டினேன். பக்கத்திலேயே அழகாகப் பள்ளப் பாத்தி கட்டி நாற்று நட்டேன்.

அஞ்சலை என்ன செய்தாள் தெரியுமா? காய்ந்த லாலாங் புல்லைத் தரைமேல் பரப்பினாள். அதன்மேல் சாணம், சாம்பல், இலை, மறுபடியும் புல் என்று அடுக்கி இடுப்புயரத்துக்கு மேடு கட்டினாள். மேலே அத்தாப்புக் கீற்றில் கூரை போட்டாள். குப்பைக்குக் கூரை! எங்கள் வீட்டுக் கூரையே ஒழுகிக்கொண்டிருந்தது. பாத்தியையும் பாடை மாதிரி உயர்த்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டாள். எல்லாம் சீனன் காய்கறிக் கொல்லையில் கூலிக்குப் போய்க் கற்றது. அவள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். கப்பலையே கண்டதில்லை. ஏற்றம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டவள். அவள் எனக்குச் சொல்ல வந்தாள்.

“அக்கா, அந்தக் குழியத் தூத்திருங்க. தண்ணி நின்னா குப்பை அழுகும், மக்காது. மேட்டுல போடுங்க.”

“உங்க ஊரு வித்தையெல்லாம் எனக்கு வேணாம்டி.”

“எங்க ஊரா?” என்று சிரித்தாள். “அப்ப நீங்க எந்த ஊருலக்கா இருக்கீங்க?”

நான் குழியில் இன்னும் ஒரு கூடை சருகைக் கொட்டினேன்.

எங்கள் தோட்டம் இருக்கும் இந்தக் கெடாவில் மழைக்கு வெட்கம் கிடையாது. மத்தியானம் கொட்டும், சாயங்காலம் கொட்டும், போதும் என்று சொன்னாலும் கேட்காது. என் குழி நிரம்பியது. மேலே கறுப்பாக நுரை கட்டி அழுகின முட்டை நாற்றம் நாறியது. லயத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். பாத்தியில் தண்ணீர் குளமாக நின்றது. ஒரு மத்தியானம் தக்காளிச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே தலையைத் தொங்கப்போட்டன. சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தன. மறுநாள் நிமிரவில்லை. பிடுங்கிப் பார்த்தேன், வேர் பழுப்பாக வழவழவென்று கையோடு வந்தது. அந்தப் பக்கம் அஞ்சலை வீட்டில் செடிகள் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறின, பூத்தன, கொத்துக்கொத்தாய்க் காய்த்தன. ஒரே விதை, ஒரே மழை, நடுவில் ஒரு குச்சி வேலி. அவள் பக்கம் பழுத்தது. என் பக்கம் செத்தது.

அதற்குமேல் என் புருஷன் வேறு தினமும் வேலியோரம் போய் நின்றான். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

“செடியப் பாக்கப் போறீங்களா, செடிக்காரியப் பாக்கப் போறீங்களா?”

“ஏ புள்ள, வாய அடக்கு. அதுல எத்தனை காய்ச்சிருக்குன்னு பாக்குறேன். வீரன் சயாமுக்குப் போகமாட்டான். நான் போவேன். அவ்வளவுதான்.”

சத்தமில்லாமல்தான் சொன்னான். வீரன் அஞ்சலையின் புருஷன். சோம்பேறி. என் புருஷன் காடு வெட்டியவன், காய்ச்சலோடு மரம் சீவியவன். அவன் போகவேண்டும், வீரன் அத்தாப்பு நிழலில் உட்கார்ந்து தக்காளி தின்னவேண்டும். இதைப் பார்த்து எரியாத வயிறு இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், கும்பிடுகிறேன்.

ஜப்பான் துரை நாளைக்குக் கொல்லை பார்க்க வருகிறார் என்று கிராணி ஆள் விட்டுச் சொன்னார். அன்று மத்தியானம் நான் அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போனேன். அந்தக் கொஞ்ச தூரம் நடப்பதற்குக் கடல் தாண்டி வந்ததே லேசாக இருந்தது.

“கொஞ்சம் பழம் குடு. என் செடியில நூல்ல கட்டித் தொங்கவிட்டுர்றேன்.”

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா! செத்த செடியில பழமா? ஜப்பான்காரனுக்குக் கண்ணு சின்னதுதான், குருடு இல்லலா!”

எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி நடந்தேன். வேலியைத் தாண்டியிருப்பேன், பின்னால் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவே மரவள்ளிக் குச்சியை வெட்டி வரிசையாகக் குத்தியிருந்தோம், அதுதான் வேலி. அஞ்சலை ஒரு குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

“செடிய நகத்த முடியாது. வேலிய நகத்தலாம்ல?”

அவள் பிடுங்கிக்கொண்டே போனாள். வேர்விட்ட பழைய குச்சிகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டிக்கொண்டு வந்தாள். தூறலில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் குத்தினோம். அவளுடைய பாத்திகளில் இரண்டு வரிசை, பழத்தோடு, என் பக்கம் வந்து சேர்ந்தது. என் செத்த செடிகளைப் பிடுங்கி எறிந்தோம். அவள் பக்கம் மீதி இருந்ததே வீரனைக் காப்பாற்றப் போதும். அப்படிக் காய்த்திருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

“எதுக்குடி இதெல்லாம் செய்யுற?” என்று கேட்டேன்.

“அண்ணன் சயாமுக்குப் போயிட்டா நீங்க நாள் முழுக்க இங்க உக்காந்து என்னையே முறைப்பீங்க. அத யாரு தாங்குறது?”

மறுநாள் துரை வந்தார். குள்ளமான ஆள். இடுப்பில் கத்தி, காலில் சேறு. முதலில் அவர் கண்ணில் பட்டது என் குழிதான். கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி என் பக்கம் திரும்பி, “குண்டு போட்டா ஒளியறதுக்கு வெட்டினியான்னு கேக்குறாரும்மா” என்றார். குப்பைக்கு என்றேன். கிராணி அதை எப்படிச் சொன்னாரோ, துரை குழியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். பிறகு தக்காளி வரிசைக்குப் போய் ஒரு பழத்தைப் பறித்துச் சட்டையில் துடைத்துக் கடித்தார். சாறு தாடையில் வழிந்தது. உடைந்த மலாயில் கேட்டார், “சியாப்பா தானாம்?” யார் நட்டது என்று கேட்கிறார். “சாயா” என்று ஒரு சொல், நான்தான் என்று சொன்னால் போதும். என் புருஷன் கைகட்டி நிற்கிறான். அவன் உயிர் அந்தச் சொல்லில் நிற்கிறது. எனக்கு வாய் வரவில்லை. செடி அவளுடையது, பாத்தி அவளுடையது, என்னுடையது நாற்றம் பிடித்த குழி மட்டும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சலை உரக்கச் சொன்னாள், “டியாலா, துவான்!” அவள்தான் நட்டாள், துரை, என்று. துரை தலையை ஆட்டிவிட்டு அடுத்த கொல்லைக்குப் போனார். மாரிமுத்து அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த முறை எங்கள் லயத்திலிருந்து சிலர் சயாமுக்குப் போனார்கள். என் புருஷன் போகவில்லை. நன்றி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பொறாமையும் அப்படியே இருந்தது. கொடுக்க அவளிடம் இருந்தது, வாங்க நான் நின்றேன். இதை எந்த நன்றி ஆற்றும்? பிறகு நானும் அத்தாப்புக் கூரை போட்டு மேடு கட்டினேன், உயர்ந்த பாத்தி போட்டேன், என் நாற்றும் பிழைத்தது. அது பூவெடுத்ததும், அவளுடைய இரண்டு வரிசையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வேலியை மாற்றப் போனேன். அடுத்தவள் இடத்தில் நிற்பது எனக்கு ஆகாது.

முதல் குச்சியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மண்ணோடு வந்தது, அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். மேலே இலை விட்டிருந்தது. அவசரத்தில் நான் தலைகீழாகக் குத்திய ஒன்றுகூட வேர்விட்டிருந்தது. இந்த மண்ணில் வெட்டிப் போட்ட குச்சிக்கு வேர் பிடிக்க இத்தனை சுலபமா? நான் வந்து எத்தனை வருஷம்? அன்றைக்கு அந்தக் குச்சிமேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

“இருக்கட்டும்கா, விடுங்க” என்றாள் அஞ்சலை. நான் கேட்கவில்லை. “சரி, அப்ப எந்தப் பக்கம் நடப் போறீங்க?” என்றாள்.

ஒரு கால் அவள் பாத்தியிலும் ஒரு கால் என் பாத்தியிலுமாக நின்றேன். கையில் பிடித்திருந்த குச்சியின் வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது, இரண்டு பக்கமும்.