களை பிடுங்கிய நாளும் நான் எழுதிய திகதியும்

1. பெண்களில்லாத பதினெட்டு வீடுகள்

கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழேயுள்ள அந்தக் குடியேற்றத்துக்கு, கர்ப்பவதிகளை வீடு வீடாகப் பார்க்கிற மருத்துவமாதுவாகப் போன முதல் நாள், பதினெட்டு வீடுகளின் படலையைத் தட்டினேன். ஒரு வீட்டிலும் பெண் இல்லை. நாய்கள் இருந்தன. பாயில் இருந்து இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க மிஸி" என்றார். கொப்பியைத் திறந்து பதினெட்டு இடத்திலும் "வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன். இப்படியே ஒரு கிழமை போனது.

எங்களுக்கு மேலே இருந்த தாதிச் சகோதரியைப் பெரிய மிஸி என்போம். கந்தோரில் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உம்மட ஏரியாவில பொம்பிளையளே இல்லையோ?" என்று கேட்டார்.

"அவையள் வீட்டில நிக்கிறேல்லை மிஸி."

"அப்ப எங்க நிக்கினமோ அங்க போம். அரசாங்கம் உமக்குச் சம்பளம் தாறது படலையைப் பார்க்க இல்லை."

நான் பேசாலைக்காரி, மீன்பிடிக் குடும்பம். வலையைப் பற்றிக் கேட்டால் நித்திரையிலும் பதில் சொல்வேன். நெல்லை எந்த மாதம் விதைப்பார்கள் என்று கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பேன். அப்படிப்பட்டவள் அடுத்த நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் நடந்தேன். இருபது அடி போவதற்குள் சறுக்கி, முழங்கால் வரை சேற்றில் இறங்கினேன். உரம் வீசிக்கொண்டு நின்ற பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் மூக்கம்மா. "இந்த மிஸி வந்து சேர்றதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கொடம் போயிரும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை.

2. அந்தப் பெண்கள்

இவர்களின் தாய் தகப்பன்மார் கலவரத்துக்குத் தப்பி மலையகத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். பிறகு யுத்தம் வந்து இங்கிருந்தும் துரத்தியது. திரும்பி வந்தபோது கிடைத்த காணிகள் வாய்க்காலின் கடைசியில் இருந்தன. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் உள்ளவர்களுக்கெல்லாம் பாய்ந்து முடிந்து, மிஞ்சினால்தான் அங்கே தண்ணீர் வரும். அதனால் விதைப்பும் கடைசி, அறுவடையும் கடைசி. சில வருஷம் இரண்டுமே இல்லை.

பெண்கள் விடிய நாலரைக்கு எழும்பிச் சமைப்பார்கள். ஆறரைக்கு வயலில் இறங்குவார்கள். கூலி வேலை முடித்து வந்து தங்கள் காணியையும் பார்ப்பார்கள். நான் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும். தாய்க்கென்று கொடுத்த சத்துமாவை வீடு முழுக்கத் தின்னும். முப்பது வயதில் கர்ப்பப்பை இறங்கி, துணியைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். "வலிக்கேல்லையோ?" என்று கேட்டால், "வலிச்சா என்ன செய்யிறது மிஸி?" என்பார்கள்.

3. என்னுடைய மட்டை

கர்ப்பவதி ஒருவரைப் பதியும்போது முதலில் கேட்பது கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள். எங்கள் பாஷையில் எல்.எம்.பி. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிள்ளை பிறக்கவேண்டிய நாள் வரும். எப்போது ஸ்கான், எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்ற எல்லாமே அந்த ஒரு நாளில்தான் தொங்குகிறது.

அந்தப் பெண்களிடம் கைத்தொலைபேசி இருந்தது, அதில் திகதியும் இருந்தது. ஆனால் உடம்பில் நடந்ததை அவர்கள் வேலையோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். "உழவு மெசின் வந்த மறுநாள்." "ரெண்டாவது உரம் போட்ட அன்னைக்கு." "களை புடுங்கத் தொடங்குன அன்னைக்கு." நாள் தப்பாது. அதைத் திகதியாக மாற்றுவதுதான் என் பாடு.

நான் அங்கே போனது தை மாதம். விதைப்பையும் களையெடுப்பையும் கண்ணால் கண்டிருக்கவில்லை. அதனால் ஆண்களிடம் கேட்டேன். எப்போது விதைத்தீர்கள், எப்போது உரம் போட்டீர்கள், எப்போது களையெடுத்தீர்கள் என்று ஒவ்வொரு காணியாகக் கேட்டு ஒரு பெரிய மட்டையில் கட்டம் போட்டு எழுதினேன். இனி ஒருத்தி "களை புடுங்குன நாள்" என்றால், மட்டையில் அவள் வீட்டுக் காணியைத் தேடித் திகதியை எடுத்துவிடலாம். மாதாந்தக் கூட்டத்தில் பெரிய மிஸி அந்த மட்டையைத் தூக்கிக் காட்டி, "இப்பிடித்தான் மூளையைப் பாவிக்க வேணும்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

4. தனலெட்சுமி

தனலெட்சுமிக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோனவை. மூன்றாவதை மாமியார் மூடி மறைத்து வைத்திருந்தார். "ரெண்டு போச்சு மிஸி. இதையும் ஊர்க்கண்ணு தின்னுறக் கூடாதுன்னுதான் சொல்லல" என்று ஐந்தாம் மாதத்தில்தான் என்னிடம் கூட்டி வந்தார். முதல் மூன்று மாதத்தில் எடுக்கவேண்டிய ஸ்கான் தவறிப்போனது.

"கடைசியா மாதச் சுகயீனம் வந்தது எப்ப?"

"களை புடுங்கத் தொடங்குன அன்னைக்கு மிஸி. வயித்துவலியோடதான் எறங்கினேன்."

மட்டையைப் பார்த்தேன். அவர்களின் இரண்டு ஏக்கர் வாய்க்காலின் கடைசித் துண்டு. களையெடுப்பு மார்கழி நடுப்பகுதி. அதை அவளின் கர்ப்பகால அட்டையில் எழுதினேன். பிள்ளை புரட்டாதி நடுவில் பிறக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கான் பிள்ளையின் வயதை என் கணக்கைவிட இரண்டு கிழமை கூட்டிக் காட்டியது. பிந்தி எடுத்த ஸ்கான் முன்னே பின்னே காட்டும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். டொக்டர் என்னைக் கேட்டார். "திகதி நிச்சயமோ?"

"நிச்சயம் டொக்டர்."

நான் டேப்பால் வயிற்றை அளந்தபோதெல்லாம் அளவு என் திகதியோடு சரியாக நின்றது. உண்மையில் பிள்ளைக்கு மாதம் கூட, வளர்ச்சி குறைவு, அதனால்தான் சரியாக நின்றது. அது எனக்குத் தெரியவில்லை.

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு லீவில் போய் வந்தேன். வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை தனலெட்சுமி வீதியில் நின்று என் ஸ்கூட்டியை மறித்தாள்.

"மிஸி, ரெண்டு நாளா அசைவு கொறஞ்ச மாதிரி இருக்கு."

வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துப் பார்த்தேன். இதயத்துடிப்பு கேட்டது. "நல்லா இருக்கு. இடதுபக்கம் சரிஞ்சு படும். புதன்கிழமை கிளினிக்குக்கு வாரும்" என்றேன்.

"எனக்கு மாசம் நெறைஞ்சிட்ட மாதிரியே இருக்கு மிஸி."

"இன்னும் நாலு கிழமை கிடக்கு. உமக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?"

அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

புதன்கிழமை துடிப்பு இல்லை. நான் கருவியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தனலெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். வியாழன் மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது ஆண்பிள்ளை இறந்து பிறந்தது. தோல் உரிந்திருந்தது. அவள் பிள்ளையைக் கேட்டு வாங்கி, துணியை விலக்கி, கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நகமெல்லாம் எவ்வளவு வளந்திருக்கு பாருங்க மிஸி" என்றாள். நாள் கடந்த பிள்ளைக்குத்தான் நகம் அப்படி வளரும்.

5. விசாரணைப் படிவம்

பிள்ளை இறந்து பிறந்தால் விசாரணை உண்டு. கந்தோரில் ஆறு பேர் கதிரைகளில் இருந்தார்கள். பிள்ளை நாள் கடந்தது என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. அப்படியென்றால் எல்.எம்.பி. எப்படிப் பிழையானது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மட்டையைப் பாராட்டிய பெரிய மிஸிதான் வழி காட்டினார்.

"தாய் பிழையாச் சொல்லியிருக்கிறா எண்டு எழுதும். அதுகளுக்கு நாள் கிழமை எங்க தெரியும்?"

எழுதினேன். எழுதும்போது அதை நம்பவும் செய்தேன், ஏனென்றால் நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போனபோது மாமியார் அழுதுகொண்டு காரணம் கேட்டார். "மருமகள் நாளைச் சரியாச் சொல்லியிருந்தா முந்தியே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கலாம்" என்றேன். தனலெட்சுமி அடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கேட்டது.

அந்த வருஷம் கார்த்திகையில் நான் முதல்முறையாகக் களையெடுப்பைப் பார்த்தேன். வாய்க்கால் தலைப்பிலுள்ள பெரிய காணிகளில் நெல் ஒரு சாண் வளர்ந்திருந்தது. குடியேற்றத்துப் பெண்கள் எல்லோரும் அங்கே வரிசையாகக் குனிந்து நின்றார்கள். தனலெட்சுமியும் நின்றாள். கடைசிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர்களின் சொந்தக் காணிகளில் இன்னும் விதைகூட விழவில்லை, புழுதியாகக் கிடந்தன.

பக்கத்தில் நின்ற மூக்கம்மாவிடம், "நீங்கள் முதல் களை பிடுங்கிறது இங்கயோ?" என்று கேட்டேன்.

"பின்ன? முதலாளி காணி முடிஞ்சாத்தானே மிஸி நம்ம காணி. அதுக்கு அஞ்சாறு கிழமை ஆவும்."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது. தனலெட்சுமி முந்தின வருஷம் களை பிடுங்கத் தொடங்கிய நாள் கார்த்திகைத் தொடக்கம். அவள் சொன்ன நாள் சரி. ஆண்கள் எனக்குத் தங்கள் காணியின் நாளைச் சொன்னார்கள். அவள் தன் கை முதலில் களையில் பட்ட நாளைச் சொன்னாள். யாருடைய வயலில் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் பிள்ளை ஆவணி நடுவில் உயிரோடு பிறந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் மட்டையை அடுப்பில் வைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். சொல்லவேண்டிய ஆள் சாமியார் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதே ஊரில் வேலை செய்தேன். எத்தனையோ பிள்ளைகள் நல்லபடி பிறந்தார்கள். தனலெட்சுமிக்கு அதன் பிறகு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. குழாயடியில் சண்டை வந்தால், "நாளு தெரியாம புள்ளையத் தின்னவ" என்று மாமியார் சொல்வது வீதியில் போகிற எனக்குக் கேட்கும். நான் ஸ்கூட்டியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவேன். அதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

6. வரம்பில்

ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது வயலுக்குப் போனேன். அதுவும் களையெடுப்புக் காலம்தான். பெண்கள் தேத்தண்ணிக்குக் கரையேறி இருந்தார்கள். தனலெட்சுமிக்கு முன்னால் போய் இருந்தேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"தனம், நீர் அண்டைக்குச் சொன்ன நாள் சரி. நான்தான் பிழையா எழுதினனான். பிறகு விசாரணைக் கடுதாசியிலயும் பழியை உம்மில போட்டனான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மூக்கம்மாதான் வாயைத் திறந்தார்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் மிஸி. அவ எம்பக்கத்துலதானே நின்னா. வயித்தைப் புடிச்சுக்கிட்டே களை புடுங்குனா."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீங்க எழுதிட்டீங்களே. எழுதுனதுக்கு மேல நாங்க என்னத்த சொல்றது?"

தனலெட்சுமி அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எங்க மாமியா போயி ரெண்டு வருஷமாச்சு மிஸி" என்றாள். "கடைசிவரைக்கும் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒருவேள நான்தான் மாத்திச் சொல்லிட்டேனோன்னு." பிறகு கேட்டாள்: "அந்தக் கடுதாசியில இப்ப மாத்தி எழுத முடியுமா?"

அடுத்த நாளே கந்தோருக்குப் போனேன். பெரிய மிஸி ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது இருக்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடிஞ்ச பைல் அக்கா. இனித் திறக்கேலாது. விட்டிட்டு நிம்மதியா ரிட்டயர் பண்ணுங்கோ" என்றார். கடிதம் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். அசைவு குறைந்தது என்று தாய் சொன்னால் திகதியைப் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அவள் ஒரு நாளைச் சொன்னால் அன்று எங்கே நின்றாள், யாருடைய வயலில் நின்றாள் என்று கேளுங்கள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் முகம் மாறினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

இந்தக் குறிப்பில் பெயரை மாற்றிப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேணாம் மிஸி, எம்பேரையே போடுங்க" என்றாள். பைலில் எழுத விடாததை இங்கே எழுதுகிறேன். தனலெட்சுமி சொன்ன நாள் சரி. பிழை என்னுடையது.