கல் லாரிகளும் காயாத படமும்

எங்கள் கேமரன் மலையில் துவைத்த துணி காய நான்கு நாளாகும். பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, புகை வாசத்தோடு உடுத்திக்கொண்டு போனவர்கள் நாங்கள். உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். ஆகவே என் மாமா சொன்ன பொய்யை லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை குடும்பமும் நம்பியதில் எனக்கு இன்றைக்கும் வியப்பில்லை.

"படம் இன்னும் காயல" என்பார் மாமா. கேட்டவர்கள் மூடுபனியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோல் போய்விடுவார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கும் வேலை. அப்போது கல்யாணமாகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது, தன் பழைய கேமராவை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஓர் உறையில் தன் ஊரில் எடுத்த படங்கள் கொஞ்சம். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பிரித்தோம். பனி இருக்கும், அரண்மனை இருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் ராணியம்மாவே இருப்பார் என்று நினைத்தோம். இருந்தது கல். கல் ஏற்றிய ரயில், கல் ஏற்றிய லாரி, பின்னால் பாதி வெட்டிய குன்று, மறுபடியும் கல் ஏற்றிய ரயில்.

அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "பொண்டாட்டி புள்ள படம் ஒன்னுகூட இல்லியே, பாவம்" என்றாள்.

மாமா அந்தப் படங்களை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்து ஒரு வாரம் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை மாட்டிக்கொண்டு ரோட்டு வளைவில் போய் நின்றார்.

எங்கள் ரோட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மழை முடிந்தால் மலை எங்கேயாவது இறங்கியிருக்கும். அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே பேராக்கிலிருந்து கல் ஏறி வரும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை முறுக்கிப் போட்ட கயிறுபோல் கிடக்கும் ரோட்டில் அந்த லாரிகள் முதலில் காதுக்குத்தான் வரும். கனத்த முனகல் ஒன்று, வளைவில் ஒரு ஹாரன், பிறகு பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு, பிறகு முகம், பிறகு முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு குன்று. ஈரம் பட்ட கல் நீலமாக இருக்கும். வெயில் விழுந்தால் வெளுத்துவிடும். ஒரே லாரி ஒரு வளைவில் நீலமும் மறு வளைவில் வெள்ளையுமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

"மலைக்கே மலையைத் தூக்கிட்டு வரான் பாரு" என்பார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் குரல் சாமி கும்பிடுகிறவன் குரலாகிவிடும்.

அந்த வளைவில் ஒரு முனியாண்டி சாமி உண்டு. ஏறி வருகிற தமிழ் ஓட்டுநர்கள் நிறுத்தி, ஒரு சுருட்டைக் கொளுத்திக் கல்லிடுக்கில் செருகிவிட்டுத்தான் மேலே போவார்கள். அந்தச் சுருட்டு பற்றுகிற நேரம்தான் மாமாவுக்கு முகூர்த்தம். ஓட்டுநர் தலையைக் கோதிக்கொண்டு லாரிக்கு முன்னால் வந்து நிற்பார்.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்பார் மாமா.

"இப்படியா?"

"இன்னும் தள்ளுங்க. டயர் மறையுது."

ஒரு ஃபிலிமில் முப்பத்தாறு படம். ஒரு ஃபிலிமை மூன்று மாதம் ஓட்ட வேண்டும். ஆனால் லயத்தில் கேமரா வைத்திருப்பவன் பொதுக்குழாய் மாதிரி. வயசுக்கு வந்த பிள்ளை, புதுச் சைக்கிள், கன்று போட்ட பசு, எல்லாவற்றுக்கும் மாமாவைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வராது. அதனால் வாயை வேறு விதமாகப் பயன்படுத்தினார். கேமராவைக் கண்ணில் வைப்பார், ஒரு கண்ணை மூடுவார், "சிரிங்க" என்பார், பிறகு நாக்கை மேலண்ணத்தில் வைத்து "டக்" என்று ஒரு சத்தம். படம் பிடித்தாயிற்று. ஃபிலிம் அப்படியே இருக்கும், அடுத்த கல் லாரிக்கு.

இதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். எனக்கு ஒன்பது வயது. அவர் இடுப்பு உயரத்தில் நின்றிருந்தால் தாடை அசைவது தெரியும். தவிரவும் நிஜக் கேமராவின் சத்தம் இரண்டு துண்டாக விழும். நாக்கின் சத்தம் ஒரே துண்டு.

"நாக்காலதான புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

மாமா என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொல்லாம இருந்தா தாப்பா ரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். கல்லு ரயில் பாக்கலாம். நாப்பது பெட்டி, எல்லாத்துலயும் கல்லு."

நான் அதுவரை ரயிலே பார்த்ததில்லை. சத்தியம் செய்துவிட்டேன்.

சத்தியம் கடைசி வீட்டு அக்காவிடம் வந்து சிக்கியது. அந்த அக்காவின் புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனபோது அவளுக்கு ஐந்து மாதம். பெண் குழந்தை பிறந்தது. படம் எடுத்து அனுப்பு என்று அவர் எழுதியிருந்தார். குழந்தைக்குப் பவுடர் போட்டு, கன்னத்தில் மையிட்டு, மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமியார்க்காரி நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்: ஒரே ஒரு தடவைதான். சும்மா சும்மா படம் பிடித்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும். மாமா கண்ணை மூடினார், டக் என்றார். அந்த ஒரே ஒரு தடவை அதோடு தீர்ந்துபோயிற்று.

அதற்கப்புறம் நான் பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் அக்கா வாசலில் நிற்பாள். "காஞ்சிருச்சாடி?" என்பாள். கையில் அவித்த சோளம் ஒன்றைத் திணிப்பாள். அந்தச் சோளத்தை நான் வீடு வந்து சேர்வதற்குள் தின்றுவிடுவேன், ஆனால் அது இறங்காது, நெஞ்சிலேயே நிற்கும்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சிங்கப்பூர்க் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்த மாதம் வந்த கடிதத்தில், வழக்கமான நலம் விசாரிப்புக்குப் பிறகு, இப்படி இருந்தது: 'இங்கே படம் ஒரே நாளில் காய்கிறது. அங்கே மூன்று மாதமாகக் காயவில்லை என்றால் என்ன அர்த்தம்? குழந்தை பிறந்தது நிஜமா, இல்லை என்னை ஊருக்கு வரவழைக்க எங்கம்மா கட்டிய கதையா?'

அக்கா சிரித்தாள். பிறகு, "இன்னொருக்கா படி" என்றாள். படித்தேன். மூன்றாம் முறை படித்தபோது சிரிப்பு இல்லை. கடிதத்தை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் விரலை ஓட்டினாள்.

"வெளையாட்டுக்குத்தான் எழுதியிருக்கும்" என்றாள். "இல்ல?"

"வெளையாட்டுக்குத்தான்க்கா."

அன்று அவள் கொடுத்த சோளத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

மாமாவிடம் போய், அந்தப் பாப்பாவை நிஜமாகவே பிடித்துக் கொடுங்கள் என்றேன்.

"ஒன்னுதான்டி மிச்சம் இருக்கு. அது ரயிலுக்கு. வர ஞாயித்துக்கெழம போறோம். அடுத்த ஃபிலிம்ல மொதப் படமே அந்தப் பாப்பாதான், சரியா?"

"அடுத்த ஃபிலிம் எப்ப?"

"வரும்லா" என்றார் மாமா.

அந்த 'வரும்லா'வுக்கு மூன்று மாதம் என்று அர்த்தம். அதற்குள் சிங்கப்பூர்க்காரர் இன்னும் மூன்று கடிதம் எழுதுவார், அதையும் நான்தான் வாசிக்க வேண்டும்.

சனிக்கிழமை மாமா வேலைக்குப் போனதும் ஆணியிலிருந்து கேமராவை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். அதிசயமாக வெயில் அடித்தது. கடைசி வீட்டில் மாமியார்க்காரி கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிப் பின்புறம் பாயில் கிடத்தியிருந்தாள்.

"மாமா படம் புடிச்சிட்டு வரச் சொன்னாரு" என்றேன். "மொதப் படம் காயவே காயாதாம்."

அக்கா கேமராவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவள் கேட்கவில்லை. உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்து, குழந்தையின் கன்னத்தில் ஏற்கெனவே இருந்த பொட்டை இன்னும் பெரிதாக்கினாள்.

"கெழவிகிட்ட சொல்லிடாத" என்றாள். "சீக்கிரம் புடி. வாய வச்சு ஒன்னும் பண்ணாத."

எனக்கு முகம் சுட்டது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மாமா ரயிலுக்கென்று முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தார். அழுத்தினேன். இரண்டு துண்டாகச் சத்தம் விழுந்தது. மீண்டும் இழுத்தேன், பாதியில் சிக்கி அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. ரயிலைத் தின்றாயிற்று.

மறுநாள் காலை மாமாவோடு பஸ் ஏறினேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். வளைவுகள் வாந்தியாக மாறின. மாமா முதுகைத் தடவி, உப்பும் புளிப்புமான காய்ந்த ப்ளம் ஒன்றை வாயில் போட்டார். "வளைவு தீரப்போகுது, கீழ வந்துட்டோம்" என்று பாதி வழியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

கீழே வெயில் வேறு மாதிரி இருந்தது. மலைக்காரிக்கு அது வெயில் இல்லை, யாரோ மேலே வந்து சாய்ந்துகொள்வது மாதிரி. தாப்பா ரோடு ஸ்டேஷனில் பச்சைக் கொடி வைத்திருந்த ஒரு தமிழர் எங்களைப் பார்த்துவிட்டு, "கேமரன்ல இருந்தா? கல்லு வண்டியப் பாக்கவா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான்கூட பொண்ணு பாக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு எண்ணெய் தடவியிருக்கீங்களே."

மாமா வெட்கப்பட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் அன்று நல்ல சட்டை போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ரயில் வந்தது. முதலில் தண்டவாளம் தனக்குள்ளே எதையோ முணுமுணுத்தது. பிறகு வெயிலின் கலங்கலில் ஒரு முகம் ஆடியது. பிறகு எங்கள் கால்களுக்குக் கீழே தரை அதிர ஆரம்பித்தது. பெட்டி, பெட்டி, பெட்டி. ஒவ்வொன்றிலும் வெளுத்த சுண்ணாம்புக் கல், குவியல் குவியலாக, எங்கள் மலைத்தொடரின் கோடு மாதிரியே ஏறி இறங்கி ஏறி. நான் இருபத்தாறு வரை எண்ணினேன், பிறகு எண்ண மறந்து வாயைத் திறந்தபடி நின்றேன். கல் தூசி உதட்டில் படிந்தது. அதற்கு மழை பெய்யும் முன் மண்ணுக்கு வரும் ருசி இருந்தது.

மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார். அழுத்தப் போகிறார், சத்தம் வராது, என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"டக்."

ஒரே துண்டு.

அட கஞ்ச மாமா, ரயிலுக்குமா என்று நினைத்தேன். ஊரை ஏமாற்றி ஏமாற்றி அவருக்கு அதுவே பழகிவிட்டது, நிஜமாக அழுத்த வேண்டிய இடத்திலும் நாக்குதான் முந்திக்கொள்கிறது என்று ஒன்பது வயதின் ஞானத்தோடு முடிவு செய்தேன். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் மாமா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துருவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றிய ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார். சிவப்புச் சர்க்கரைப் பாகு முழங்கை வரை வழிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெதையும் தின்ற நினைவில்லை.

சில வாரம் கழித்துத் தானா ராத்தா டவுனில் கழுவக் கொடுத்த படங்கள் வந்தன. முப்பத்தைந்து கல் லாரி. ஒரு குழந்தை. கோணலாக, பாதி முகம், கண்ணைவிடப் பெரிய மைப்பொட்டு, ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை. மாமா அதை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார்.

"காஞ்சிருச்சு" என்றார்.

"மாசக்கணக்காச்சே" என்றாள் அக்கா. "நல்லாவே காஞ்சிருக்கு."

சிங்கப்பூரிலிருந்து வந்த பதிலில் குழந்தையின் மூக்கைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. தீபாவளிக்கு அவரே வந்துவிட்டார். மாமா நாக்கால் படம் பிடிப்பதை அதோடு விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. கைக்குழந்தைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். நானோ, மாமா மறதிக்காரர், அந்தப் படத்தைத் தானே எடுத்ததாக நினைத்துக்கொண்டார் என்று பல வருடம் நம்பி, தப்பித்த பெருமையோடு வளர்ந்தேன்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரிங்லெட்டில் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கைப்பேசியில் கல் லாரிகளை எடுக்கிறார், ஒரு காலையில் நூறு படம். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லும் அவசியமில்லாத காலம், அவருக்கு அது பிடித்திருக்கிறது. சென்ற ஆண்டு அலமாரியைக் காலி செய்தபோது, "நீயே வச்சுக்க" என்று பழைய கேமராவை என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தேன். நெம்புகோலுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, கண்ணாடி மூடிய ஒரு துளை இருந்தது. உள்ளே ஓர் எண். நெம்புகோலை இழுத்து அழுத்தினேன், அடுத்த எண் வந்து நின்றது. எத்தனை படம் எடுத்தாயிற்று என்று அதுவே சொல்லிவிடும். ஒன்பது வயதில் அதை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை அதன் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மாமா கேமராவை ஆணியிலிருந்து எடுத்தார். தூசி ஊதுகிறவர்போல் அந்தத் துளையை முகத்தருகே கொண்டுபோனார். பாதியில் நின்றிருந்த நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒரு தரம் தொட்டார், அது நகரவில்லை. நான் கதவோரம் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "அக்கா, இவளுக்குச் சீக்கிரம் தலையச் சீவிவிடு, பஸ்சு போயிரும்" என்று அம்மாவிடம் சொன்னார்.